அணில் ஜுல்ஃபிகரின் நிக்காஹ்

கமருன்னிசாவுக்கு இரண்டு பேர் ஒரு பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தால் பொறுக்காது. அவர்களுக்குள் என்ன முறை என்று தெரிந்துகொண்டுதான் அடுத்த பேச்சு. "நீ மீரா முகைதீன் பேத்தியா? அப்ப உங்க உம்மாவும் இவ சாச்சியும் ஒண்ணுவிட்ட அக்கா தங்கச்சி. இவளைப் பேர் சொல்லிக் கூப்பிடாதே, ராத்தான்னு கூப்பிடு" என்று பஸ்ஸில் பார்த்தவர்களுக்குக்கூட முறை கட்டிவிட்டு இறங்கிப் போவாள். அவளுடைய வாப்பா உதுமானும் அப்படித்தான். யார் மகள் யாருக்கு வாக்கப்பட்டாள், யார் வீட்டில் யார் சம்பந்தம் செய்தார் என்று ரங்கூன் முழுக்க அவருக்கு அத்துப்படி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மகளுக்கு அவர் வைத்துப்போன சொத்து அந்த ஒரு வித்தைதான்.

அது ஒருநாள் ஜப்பான்காரன் படத்துக்குப் பயன்படப்போகிறது என்று யார் கண்டது?

ரங்கூன் ஓரத்து ஷ்வேப்யிதா பேட்டையில் பீர் முகைதீனுக்கு ஒரு வீடியோ ஹால் இருந்தது. மூங்கில் பாய்ச் சுவர், தகரக் கூரை, பத்துப் பன்னிரண்டு பெஞ்சு, முன்னால் ஒரு பெரிய டிவி. கமருன்னிசாவின் வீட்டுக்காரர் காஜா மைதீன்தான் அங்கே டேப் போடுகிறவர், ஜெனரேட்டரை இழுத்துவிடுகிறவர், சண்டைக்காரப் பையன்களைக் காதைப் பிடித்து வெளியே விடுகிறவர். மாலையில் பெரியவர்களுக்கு இந்திப் படமும் சீனச் சண்டைப் படமும். சனிக்கிழமை மதியம் பிள்ளைகளுக்கு.

தொண்ணூற்று நாலாம் வருஷம் என்று நினைப்பு. கப்பலில் வேலை பார்த்த ஒருவர் ஒரு பெட்டி நிறைய டேப்பைக் கொண்டுவந்து பீர் முகைதீனிடம் கொடுத்தார். எல்லாம் ஜப்பான் பொம்மைப் படம். அணிலும் முயலும் கரடியும் ஆந்தையும் இரண்டு காலில் நடந்து, சட்டை போட்டு, தேநீர் குடித்தன. பார்க்கக் கண்ணுக்கு அவ்வளவு அழகு. ஆனால் பேசுவது ஜப்பான் பாஷை. எழுத்தும் கிடையாது ஒன்றும் கிடையாது. "அது என்ன சொல்லுது?" என்று பிள்ளைகள் காஜா மைதீனைக் குடைந்தார்கள்.

"ஜப்பான் பாஷை தெரிஞ்சா நான் எதுக்குடா இந்தக் கொட்டகையில கெடக்கேன்?" என்றார் அவர்.

அன்றைக்கு அவருக்குச் சோறு கொண்டுவந்தாள் கமருன்னிசா. பாதிப் படத்தில் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிக் கத்த ஆரம்பித்தார்கள். சோற்று அடுக்கைக் கீழே வைத்துவிட்டு அவள் டிவிக்கு முன்னால் போய் நின்றாள். "என்ன சத்தம்? அந்த அணில் பாலத்துல நின்னு யாரைப் பாத்துச்சு தெரியுமா?" என்றாள். கத்தல் நின்றது. கரண்ட் வந்த பிறகு காஜா மைதீன் படத்தை ஓடவிட்டார். "படம் வேண்டாம், நீங்க சொல்லுங்க" என்று முன்வரிசை சொல்லியது. "ரெண்டும் வேணும்" என்றது பின்வரிசை. அடுத்த சனிக்கிழமை பீர் முகைதீன், கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடும் பழைய மைக்கை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார்.

அவள் வேலை செய்த விதம் இதுதான். புது டேப் வந்தால் முதலில் தனியாக உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்ப்பாள். திரையில் தெரிகிறதை மாற்றமாட்டாள். தெரியாததைத்தான் சொல்லுவாள். அதில் கறாராக இருப்பாள்.

படத்தில் சிவப்புத் துண்டு கழுத்தில் கட்டிய ஓர் அணில் பையன். நீலப் பாவாடை கட்டிய ஒரு முயல் பெண். கண்ணைச் சுற்றிக் கறுப்பு விழுந்து, எப்போதும் குடை பிடித்துக்கொண்டு வம்புக்கு வருகிற ஒரு பிராணி. அது என்னவென்று ஷ்வேப்யிதாவில் யாருக்கும் தெரியவில்லை. மரநாய் என்று அவளே வைத்துக்கொண்டாள். அணில் முயல் வீட்டில்தான் சாப்பிட்டது, முயல் வீட்டுப் பரணில்தான் தூங்கியது. முயல் வாப்பா அதன் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு இப்படி யாரு சோறு போடுவா? தாய்மாமன்தான்" என்றாள் கமருன்னிசா. அதோடு முறை முடிவாகிவிட்டது. முயல் வாப்பா மாமா. முயல் உம்மா மாமி. முயல் பெண் மாமன் மகள். அணில் அடிக்கடி பாலத்தில் போய் நின்று தூரத்தைப் பார்க்கும். அது ஏன்? உம்மா கப்பலில் ஊருக்குப் போயிருக்கிறாள், வருவாள் என்று மாமா சொல்லிவைத்திருக்கிறார், அதனால்.

ஜப்பான்காரன் வைத்த பெயர் எதுவும் வாயில் நிற்கவில்லை. அணிலுக்கு ஜுல்ஃபிகர் என்று பெயரிட்டாள். முயலுக்கு ருக்சானா. மரநாய்க்கு சர்ஃபராஸ்.

பீர் முகைதீனின் மகள் ஸமீரா முன்வரிசைக்காரி. எதையும் சும்மா விடமாட்டாள். "அணிலுக்கு எப்படி ராத்தா முயல் மாமாவாகும்?"

"ஏன் ஆகாது? அணிலோட உம்மா முயல் வீட்டுல பொறந்தவதான். வாக்கப்பட்டுப் போன எடத்துல வால் நீண்டுபோச்சு. நாளைக்கு நீயும் போவியில்ல, அப்பப் பாரு."

கொட்டகை ஒரு நிமிஷம் சிரித்து ஓய்ந்தது. கதை பர்மிய பாஷையில்தான் நடந்தது, பிள்ளைகளுக்கு அதுதான் ஓடும். முறைச் சொற்கள் மட்டும் தமிழ். மாமிக்கும் சாச்சிக்கும் வித்தியாசம் கேட்டால் பேட்டையின் பர்மாக்காரப் பிள்ளைகள் தூக்கத்தில்கூடச் சொல்லும்.

அந்த மாமியைத்தான் ஒருவருக்கும் பிடிக்காது. அணிலும் முயலும் சேர்ந்து பூப் பறிக்கக் கிளம்பினால் போதும், மாமி குறுக்கே வந்து நின்றுவிடுவாள். அவனை விறகுக்கு அனுப்புவாள், அவளை உள்ளே கூப்பிடுவாள். ஒவ்வொரு டேப்பிலும் இதே கூத்து. ஆகவே கமருன்னிசா மாமிக்கு மூக்கால் பேசுகிற ஒரு குரல் வைத்தாள். நெஞ்சில் ஈரமில்லாத மாமி, அனாதரவான மருமகனுக்குப் பெண் கொடுக்க மனசில்லாத மாமி. அவள் திரையில் வந்தால் நிலக்கடலைத் தொலி பறக்கும். காஜா மைதீன் ஒவ்வொரு சனியும் ஒரு முறம் தொலி கூட்டி அள்ளுவார்.

நாலு வருஷத்தில் அந்த அணில் எங்கே பார்த்தாலும் வந்துவிட்டது. பையில் அணில், பென்சில் டப்பாவில் அணில், ரப்பர் செருப்பில் முயல். தெய்ஞ்சீ ஜே சந்தையில் பை விற்கிற பர்மாக்காரரிடம் போய் பிள்ளைகள் "ஜுல்ஃபிகர் பை இருக்கா?" என்று கேட்டார்கள். கேட்டுக் கேட்டு அவரே "ஸூஃபீகா! ஸூஃபீகா வந்திருக்கு!" என்று கூவ ஆரம்பித்தார். மளிகை வாங்கப் போன கமருன்னிசா அதைக் காதால் கேட்டாள். வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்து வீட்டுக்காரரிடம் சொன்னாள்: "ஜப்பான்காரன் வச்ச பேரு ஜப்பான்லயே இருக்கட்டும்."

"உனக்கு ரொம்பத்தான் ஆயிப்போச்சு" என்றார் காஜா மைதீன்.

"ஆகட்டுமே. கடைசி டேப்புல நிக்காஹ். கொட்டகைக்கே டான்பவ் போடணும்னு பீர் காக்காகிட்ட சொல்லியாச்சு." நம் தம் பிரியாணிதான் அங்கே டான்பவ், அண்ணன்தான் காக்கா. அவள் பிள்ளைகளிடமும் மைக்கில் சொல்லிவிட்டாள். பெண் யார், மாப்பிள்ளை யார் என்று யாரும் கேட்கத் தேவையே இல்லை.

தொண்ணூற்று ஒன்பதில் டேப் போய் சிடித் தட்டு வந்தது. பீர் முகைதீன் ஒரு புதுப் பெட்டியை வாங்கிவைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"காலம் மாறிப்போச்சு கமருன்னிசா. இதுல கீழேயே பர்மா எழுத்து போட்டு வருது. பிள்ளைங்க எல்லாம் பள்ளிக்கூடம் போவுது, தானே படிச்சுக்கும். ஜப்பான்காரன் என்ன சொன்னானோ அதையே படிச்சுக்கும். எதுக்கு உனக்குத் தொண்டைத் தண்ணி வத்தணும்?"

"தொண்டை என்னோடது காக்கா. வத்தினா நான் பாத்துக்குறேன்."

"கோவிச்சுக்காதே. நிக்காஹ் படத்துக்கு நீ பேசு. எழுத்தும் கீழே ஓடட்டும். அது முடிஞ்சதும் சனங்க எதைக் கேக்குறாங்களோ அது. எழுத்துன்னா எழுத்து, மைக்குன்னா மைக்கு."

"சரி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். காஜா மைதீனுக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. அவளுக்கு அந்த மைக் இல்லாத சனிக்கிழமை எப்படி இருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்தார், மேலே நினைக்க முடியவில்லை.

கடைசித் தட்டு அந்தச் சனிக்கிழமை காலையில்தான் வந்து சேர்ந்தது. காலை முழுக்கக் கரண்ட் இல்லை. ஜெனரேட்டருக்கு இருந்த டீசல் காட்சிக்கு மட்டும்தான். முன்கூட்டிப் பார்க்காமல் அவள் மைக் பிடித்தது அந்த ஒரு நாள்தான்.

"பயமா இருக்கா?" என்று கேட்டார் காஜா மைதீன்.

"நிக்காஹ் வீட்டுக்குப் போக எனக்கு எதுக்குப் பயம்? முறை நான் கட்டினது."

கொட்டகை கொள்ளவில்லை. பிள்ளைகளோடு தாய்மார்களும் வந்திருந்தார்கள். பின்னால் டேக்சாவில் டான்பவ் வெந்து, வாசனை பாய் இடுக்கு வழியாக உள்ளே வந்தது. வாசலில் பருப்பு வடை சுட்டு விற்கிற அம்சவேணி, அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். கமருன்னிசாவின் பக்கத்து வீட்டுக்காரி, வந்த நாளிலிருந்து சிநேகிதி. பேட்டைப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிற கரீமா ராத்தாவும் வந்திருந்தாள். அவள் படம் பார்க்க வந்தவளில்லை, டான்பவுக்கு வந்தவள்.

படம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. அணில் பரணில் ஒரு பழைய போர்வையைக் கண்டெடுத்து, இது என்ன என்று கேட்கிறது. மாமி அதை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறாள். உடனே படம் பழைய காலத்துக்குப் போய்விட்டது. பனி கொட்டுகிறது. முயல் வாப்பா ஒரு சின்னஞ்சிறு அணில் குஞ்சைக் கொண்டுவந்து மாமி கையில் கொடுக்கிறார். கழுத்தில் அதே சிவப்புத் துண்டு. மாமி தன் குட்டியையும் அதையும் சேர்த்து ஒரே போர்வைக்குள் அணைத்து, முதுகைத் திருப்பிக்கொண்டு பால் கொடுக்கிறாள். கீழே எழுத்து ஓடியது. "உங்கள் இரண்டு பேரையும் ஒரே பால் கொடுத்து வளர்த்தேன்" என்று ஸமீரா சத்தமாகப் படித்தாள்.

கரீமா ராத்தா எழுந்து நின்றுவிட்டாள். "கமருன்னிசா! நிறுத்து! ரெண்டும் ஒரு பால் குடிச்சிருக்கு! கூடப் பொறந்த மாதிரி. நிக்காஹ் ஆகாது!"

காஜா மைதீன் பயந்துபோய் படத்தை நிறுத்தினார். கொட்டகை இரண்டாகப் பிரிந்தது.

"என்ன ராத்தா நீங்க?" என்றாள் அம்சவேணி. "பால் குடிச்சா என்னவாம்? மாமன் மக மாமன் மகதான். எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் ஒரே அத்தைதான் பால் குடுத்தா. எங்க ஆளுங்கள்ல அதெல்லாம் பாக்குறதில்ல. நாங்க நல்லாத்தானே இருக்கோம்?"

"எங்க நல்லா இருக்கீங்க? நேத்து உன் வீட்டுக்காரரு தெருவுல நின்னாரே."

"அது பாலால இல்ல ராத்தா, அவரு வாயால."

பர்மாக்கார டோ மியா பின்னாலிருந்து கை நீட்டினாள். "மாமன் மகளுன்னாலே தங்கச்சி மாதிரி. அஞ்சு வருஷமா சொல்றேன், இங்க யாரு கேட்டா?"

சின்னப் பிள்ளைகள் அழவே ஆரம்பித்துவிட்டன. "நிக்காஹ் இல்லையா? டான்பவ் இல்லையா?" கமருன்னிசா மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.  மாமன் மகள் என்று முறை கட்டியவள் அவள். ஜப்பான்காரன் கட்டவில்லை.

"அது வேற அணில்னு சொல்லிடு கமரு" என்று அம்சவேணி கிசுகிசுத்தாள்.

"துண்டு தெரியுதே."

அப்போது யாரோ ஒரு தாய் கேட்டாள்: "ராத்தா, ஒரே ஒரு தடவைதானே குடுக்குற மாதிரி காட்டினான்?"

கரீமா ராத்தா யோசித்தாள். நியாயக்காரி. "ஒரு தடவைன்னா கூடப் பொறந்த முறை ஆகாதுதான். நம்ம மத்ஹபு சட்டத்துல அஞ்சு தடவையாவது வயிறு நெறையக் குடிச்சிருக்கணும்."

அவ்வளவுதான். "ஒரு தடவைதான்! ஒரு தடவைதான்!" என்று பெஞ்செல்லாம் அதிர்ந்தது. கடைசி வரிசையில் நின்ற பீர் முகைதீன்கூட, "ஒரு தடவைன்னு சொல்லி முடிம்மா. சோறு குழையுது" என்றார். வாய் திறந்து ஒரு சொல் சொன்னால் போதும். நிக்காஹ் நடக்கும், கொட்டகை ஆடும், மைக் அவளிடமே இருக்கும்.

கமருன்னிசா நின்றுபோன படத்தைப் பார்த்தாள். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த மாமியை அவள் ஒருநாளும் இப்படி நின்று பார்த்ததில்லை. மாமிக்குப் பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது.

"கொஞ்சம் பின்னால போங்க" என்றாள் வீட்டுக்காரரிடம். அவர் தட்டைப் பின்னுக்கு ஓட்டினார். குஞ்சு வந்து சேரும்போது ஜன்னலில் பனி. "முன்னால போங்க." மாமி திரும்பி உட்கார்ந்திருக்கிற அந்தப் படத்தில் ஜன்னலுக்கு வெளியே கிளை முழுக்கப் பூ.

"ஜன்னலைப் பாருங்க" என்றாள் மைக்கில். "பனி போயி பூப் பூத்தாச்சு. அந்தப் பனிக்காலம் பூராவும் இந்தப் பிள்ளை குடிச்ச பால் அது. கரீமா ராத்தா சொன்னது சரி. நிக்காஹ் ஆகாது."

 பீர் முகைதீன் தலையில் கை வைத்தார்.

கமருன்னிசா தொண்டையைச் செருமிக்கொண்டாள். பிறகு மாமியின் குரலில் பேசினாள். ஆனால் மூக்கால் பேசவில்லை. முதல்முறையாக மாமிக்குத் தன் சொந்தக் குரலைக் கொடுத்தாள்.

"ஜுல்ஃபிகர், இங்க வா. உங்க உம்மா கப்பல்ல போகல. உன்னைப் பெத்த அன்னிக்கே பனியில போயிட்டா. கண்ணை மூடுறப்ப உங்க மாமா கையைப் புடிச்சுக்கிட்டு ஒண்ணுதான் கேட்டா. 'காக்கா, உம்மா இல்லாத பிள்ளைன்னு அவன் மனசுல விழுந்துடக் கூடாது.' அதான் உங்க மாமா கப்பல்னு சொன்னாரு. நான் வாயைத் தெறக்கல. பால் குடுத்தேன்னு சொன்னா ஏன் குடுத்தேன்னு நீ கேப்பே. ஏன்னு சொன்னா நீ பாலத்துல போயி நிக்கிறது நின்னுபோகும். உங்களுக்குள்ள கல்யாண ஆசை வந்துடக் கூடாதேன்னுதான் ரெண்டு பேரும் சேர்ந்து கெளம்புறப்பல்லாம் குறுக்கே வந்து விழுந்தேன். உன்னை விறகுக்கு அனுப்பினேன், அவளை உள்ளே கூப்பிட்டேன். எல்லாரும் என்னைக் கல்நெஞ்சுக்காரின்னாங்க. கடலைத் தொலி எறிஞ்சாங்க. எறிஞ்சா எறிஞ்சிட்டுப் போகட்டும்னு இருந்தேன்."

முன்வரிசையில் ஒரு பையன் கையிலிருந்த தொலியை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"ஓடவிடுங்க" என்றாள் வீட்டுக்காரரிடம். படம் ஓடியது. அடுத்து என்ன வருமென்று அவளுக்கும் தெரியாது. திரையில் அணில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வந்து அந்தப் போர்வையோடு மாமியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. கமருன்னிசா அணில் குரலில் ஒரே ஒரு சொல் சொன்னாள்.

"உம்மா."

அம்சவேணி மூக்கைச் சிந்திய சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

படத்தின் முடிவில் காடே விளக்கு ஏந்திக்கொண்டு ஊர்வலம் போனது. "அழுதது போதும், கண்ணைத் தொடைங்க" என்று அதட்டினாள் கமருன்னிசா. "இன்னிக்கு நிக்காஹ்னு சொன்னேனா இல்லையா? நிக்காஹ்தான். ருக்சானாவோட காக்கா ஜுல்ஃபிகர், விளக்கு புடிச்சுக்கிட்டு முன்னால போறான் பாருங்க. மாப்பிள்ளை, அவ பக்கத்துல குடையோட வர்றாரு."

"சர்ஃபராஸா? வேண்டாம்! வேண்டாம்!"

"வேற யாரைக் கட்டச் சொல்றீங்க? ஆந்தைக்கு வயசாயிடுச்சு. கரடி எப்பப் பாத்தாலும் தூங்குது."

"மாப்பிள்ளை என்ன வேலை பாக்குறான்?" என்று கேட்டாள் கரீமா ராத்தா, உண்மையாகவே.

"குடைக்கடை ராத்தா. சொந்தக் கடை."

"அப்ப சரி" என்று அவள் உட்கார்ந்த பிறகுதான் சோறு வந்தது.

எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஸமீரா ஒரு தட்டில் சோற்றை அள்ளி டிவிக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள். "இது மாமிக்கு" என்றாள். அம்சவேணி அதைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு, "ஆறிப்போகுது, மாமி சார்புல நானே பாத்துக்குறேன்" என்று எடுத்துக்கொண்டாள்.

பீர் முகைதீன் கை கழுவிவிட்டு மகளிடம் கேட்டார். "எழுத்து நல்லாத்தானே ஓடுச்சு? தெளிவா இருந்துச்சில்ல?"

"இருந்துச்சு வாப்பா. பால் குடுத்து வளர்த்தேன்னு இருந்துச்சு" என்றாள் ஸமீரா. "மாமி ஏன் அத்தனை நாளும் விறகுக்கு அனுப்பினாள்னு அதுல இல்லையே."

பீர் முகைதீன் மைக்கை எடுத்து ஒயரைச் சுற்றினார். உள்ளே வைக்கப்போகிறாரா, அவளிடம் கொடுக்கப்போகிறாரா என்று காஜா மைதீன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பீர் முகைதீன் அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம் கமருன்னிசா வழக்கம்போல வேலை பார்த்தாள். கடைக்குப் போனாள், வழியில் இரண்டு பேருக்கு முறை கட்டினாள். வீட்டுக்காரர் பெருமூச்சு விடும்போதெல்லாம், "நீங்க சும்மா இருங்க. அவரு மக முன்வரிசையில இருக்குறா" என்றாள்.

சனிக்கிழமை மதியம் போனபோது டிவிக்குமேல் மைக் இருந்தது. புது ஒயர், புதுச் சுவிட்சு. பீர் முகைதீன் ஸ்டூலில் ஏறி நின்று, டிவியின் அடிப்பக்கத்தில் ஒரு கறுப்புத் துணிப் பட்டையைக் குறுக்கே ஒட்டிக்கொண்டிருந்தார். மறுபடி முதல் தட்டிலிருந்து போடுவதாகப் பேட்டை முழுக்கச் சொல்லியாகிவிட்டது. இந்த முறை மாமி என்ன பேசுவாள் என்று கேட்கப் பெரியவர்கள்கூட வந்து நின்றார்கள்.

"என்ன காக்கா இது?"

"எழுத்து முந்திக்கிட்டு ஓடிடுது. பிள்ளைங்க அதைப் படிச்சுட்டுக் கத்துது. உன் பேச்சு காதுல விழமாட்டேங்குது" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல்.

ஷ்வேப்யிதாவில் வீட்டுக்கு வீடு டிவி வந்து அந்தக் கொட்டகையை மூடுகிற வரைக்கும் அந்தத் துணி அங்கேதான் இருந்தது. அன்றைக்கு அவள் மைக்கைக் கையில் எடுத்து, ஊதிப் பார்த்து, பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு விரக்கடை மேல ஒட்டுங்க காக்கா. பர்மா எழுத்தோட தலை வட்டம் வட்டமாத் தெரியுது."